ஸ்கேல் வைத்து வரைந்த பஞ்சு

நான் அவரைத் திட்டியது ஒரு புதன்கிழமை காலை, பத்துப் பேர் பார்க்க.

"உங்களுக்கென்ன, ஒரு கம்பியைக் கட்டிட்டு டீ குடிக்கப் போய்டுவீங்க. அங்க குடியாத்தத்துல தறி நிக்குது. பாவு அறுந்து அறுந்து எங்க அண்ணன் பேஜாராயிட்டான், தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட என் கோபம் ஆறியிருக்கும். பேசாமல் நின்றதால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே சொன்னேன். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம். அந்த நாலு வார்த்தையை எழுத இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஒரு நூல் மில்லில் நான் லேப் அசிஸ்டெண்ட், அதுவும் தற்காலிகமாக. வேலூரில் கணக்கில் பி.எஸ்சி. முடித்த கையோடு சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் லுங்கி நெசவு. அண்ணன் கைத்தறியை நிறுத்திவிட்டு நாலு பவர்லூம் போட்டிருந்தான். எங்கள் மில் நூல்தான் அவன் தறியிலும் நீளவாட்டில் பாவாக ஏறும். நூலில் குறை என்றால் சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்து அதுவும் என் முன்னால் வைக்கப்படும்.

நான் திட்டிய மனிதர் டிராயிங் மெஷின் ஓட்டுகிறவர். முப்பது வயதைத் தாண்டியிருக்கும். பல வருஷமாகப் பதிலி. நிரந்தர ஆள் லீவு போட்ட நாளில்தான் அவருக்கு வேலை. விடிந்ததும் கேட்டில் வந்து நிற்க வேண்டும், கூப்பிட்டால் உள்ளே, கூப்பிடாவிட்டால் திரும்பி வீட்டுக்கு. அந்த மாதக் கடைசியில் சில பதிலிகளை நிரந்தரமாக்கி லிஸ்ட் போடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அவர் பெயர் அதில் நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் குடியாத்தத்திலிருந்து நூல் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது.

டிராயிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. பஞ்சைச் சீவி, விரல் தடிமனில் மெத்தென்ற கயிறாக எடுப்பது கார்டிங். அதில் முறுக்கு கிடையாது, லேசாக இழுத்தாலே பிரிந்துவிடும். நாங்கள் அதைத் திரி என்போம். அது இடுப்பு உயரக் கேனுக்குள் சுருள் சுருளாக விழுந்து நிரம்பும். டிராயிங் மெஷினில் ஆறு கேன் திரியை ஒன்றாகச் சேர்த்து இழுத்து ஒரே திரியாக்குவார்கள். ஒன்று தடித்திருக்கும் இடத்தில் இன்னொன்று மெலிந்திருக்கும், சேரும்போது சமமாகிவிடும். இதை இரண்டு தடவை செய்வது வழக்கம். அதற்குப் பிறகு சிம்ப்ளெக்ஸ் என்ற மெஷின் அதை இன்னும் மெலிதாக்கும். கடைசியில் நூற்கும் மெஷின்.

பின்னாலிருந்து வரும் திரியில் ஒன்று அறுந்தால் டிராயிங் மெஷின் தானாக நின்றுவிடும். நிற்காமல் ஓட, சில பேர் அந்த இடத்தில் ஒரு கம்பியை வைத்துக் கட்டிவிடுவார்கள். ஒரு திரி குறைந்து ஓடும், நூல் கெட்டுப்போகும். அவர் மீது வந்த குற்றச்சாட்டு இதுதான். யாரும் கண்ணால் பார்க்கவில்லை. நூல் கெட்டிருக்கிறது, மெஷின் நன்றாக இருக்கிறது, அப்படியானால் ஆள்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து நானும்.

மெஷின்மீது தப்பில்லை என்று அத்தனை பேரும் நம்பியதற்குக் காரணம் நான் போட்ட ஒரு கணக்கு.

அதற்கு மூன்று மாதம் முன்பு கரண்ட் கட் தலைவிரித்து ஆடியது. தினம் பல மணி நேரம் மில் ஊமையாகக் கிடக்கும். ஸ்பின்னிங் மாஸ்டர், மில்லின் நூற்பு முழுக்க அவர் பொறுப்பு, ஒருநாள் லேபுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, நீ கணக்கு படிச்ச பொண்ணுதானே? ரெண்டு டிராயிங்கை ஒண்ணாக்கிட்டா நூல் எவ்ளோ மோசமாவும்? ஓட்டிப் பாக்க இப்போ கரண்ட் கிடையாது. பேப்பர்லயே பார்த்துச் சொல்ல முடியுமா?"

முடியும் என்றேன். முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

வேலூர் லாங் பஜாரில் ஒரு கட்டு கிராஃப் தாள் வாங்கினேன். திரி என்பது என்ன? ஆயிரக்கணக்கான பஞ்சு இழைகள் முன்னும் பின்னுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் படுத்திருப்பதுதான். ஒவ்வொரு இழையும் முப்பது கட்டம் நீளத்தில் ஒரு கோடு. அது எந்தக் கட்டத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பதை நானே முடிவு செய்யக் கூடாது, என் கை என்னையறியாமல் அழகாக அடுக்கிவிடும். அதனால் பேப்பரில் வரும் லாட்டரி முடிவுகளை எடுத்துக்கொண்டேன். பரிசு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எதுவோ அந்தக் கட்டத்தில் கோடு ஆரம்பிக்கும். அண்ணி என் தலைமாட்டில் லாட்டரித் தாள்களைப் பார்த்துவிட்டு, "இன்னா நாத்தனாரே, பரிசு வுழுந்தா எனக்கும் ஒரு பங்கு குடுக்கணும்" என்று ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

நூற்றுக்கணக்கில் கோடு போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கோடு குறுக்கே போகிறது என்று எண்ணினேன். அதிகமான இடம் தடிப்பு, குறைந்த இடம் மெலிவு. அப்படிப் பல துண்டுகளைச் சேர்த்து, இழுத்து நீட்டி, மறுபடி எண்ணினேன். மூன்று வாரம் ஆனது. விடை இதுதான்: இரண்டாவது டிராயிங்கை நிறுத்திவிட்டு, முதலாவதில் ஆறுக்குப் பதில் எட்டுத் திரி சேர்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கரண்ட் மிச்சம் என்று அந்த வாரமே இரண்டாவது டிராயிங்கை நிறுத்தி, எட்டுத் திரியோடு ஓட்டச் சொல்லிவிட்டார். அதையே ஒரு தாளில் தமிழில் எழுதச் சொன்னார், தொழிலாளிகளுக்கும் புரியட்டும் என்று. எழுதி, கீழே பட்டத்தோடு கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸ் போர்டில் அதை ஒட்டியதும் நானேதான். தலைகால் புரியவில்லை எனக்கு. போகிற வருகிற போதெல்லாம் நின்று என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

திட்டியதற்கு மறுநாள், வியாழக்கிழமை, அவர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் மில்லில் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கடிதம்தான். லேட்டாக வந்தால் ஒன்று, மேஸ்திரியிடம் முறைத்தால் ஒன்று. எழுதிக் கொடுத்தால் அதோடு விட்டுவிடுவார்கள். மேஸ்திரி சொல்லச் சொல்ல அவரும் எழுதியிருக்கிறார், கவனக்குறைவால் திரி குறைந்து ஓடியதென்று. ஆனால் இந்தத் தடவை விடவில்லை. கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு, அவரை வெளியே நிறுத்தி, திங்கட்கிழமை மூன்று மணிக்கு விசாரணை என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, உள்ளதைச் சொன்னால். அந்தத் திருப்தியோடுதான் சனிக்கிழமை திரும்பி வந்த நூலைச் சோதித்தேன், விசாரணைக்கு லேப் ரிப்போர்ட் வேண்டுமே. எட்டில் ஒரு திரி குறைந்து ஓடியிருந்தால் நூல் அந்த அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும், அதன் தடிமனைக் குறிக்கும் நம்பர் மாறியிருக்க வேண்டும். எடை போட்டேன். நம்பர் சரியாக இருந்தது. இன்னொரு மூட்டையில் எடுத்தேன், அதுவும் சரி. ஐந்து மூட்டை பார்த்தேன். பலம்தான் இல்லையே தவிர, நூலில் எந்த இடத்திலும் திரி குறையவே இல்லை.

அப்படியானால் அந்த மனுஷன் கம்பி கட்டவில்லை.

லேபில் கறுப்பு வெல்வெட் ஒட்டிய பலகை ஒன்று உண்டு. கார்டிங் திரியிலிருந்து ஒவ்வோர் இழையாக இடுக்கியால் உருவி அதன்மேல் வைத்து, லென்ஸில் பார்த்தேன். பாதிக்கு மேல் நேராகவே இல்லை. குடைக்காம்பு மாதிரி ஒரு முனை மடங்கியிருந்தது. அதிலும் பெரும்பாலானவை ஒரே பக்கமாக, திரி வெளியே வரும்போது பின்னால் இருக்கும் முனையில் மடங்கியிருந்தன. நான் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த அத்தனை இழையும் நேர்கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டால் வேறு எப்படி வரும்? லேபிலேயே லென்ஸ் இருந்தது, பலகை இருந்தது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் இழை மடங்கியிருந்தால் என்ன? ரெண்டு டிராயிங் ஓடிய காலத்திலும் மடங்கித்தானே இருந்திருக்கும், அப்போது நூல் நன்றாக இருந்ததே. அதுதான் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தறிச் சத்தத்துக்கு நடுவில் கூடத்தில் உட்கார்ந்து மறுபடியும் வரைந்தேன், இந்தத் தடவை கொக்கியோடு. தாள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி நீளப் பட்டையாக்கினேன். இடத்தை அடைத்ததால் சுருட்டி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பட்டையின் நுனியைப் பிடித்து வெளியே இழுத்தேன். கொக்கியெல்லாம் திசை மாறியிருந்தது. பின்னால் பார்த்தபடி வரைந்தது இப்போது முன்னால் பார்த்தபடி வந்தது.

தப்பாக ஒட்டிவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போனேன். அப்புறம்தான் உறைத்தது. கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வருகிறது. கேனிலும் அப்படித்தானே? ஒவ்வொரு மெஷினுக்கும் திரி தலைகீழாகத்தான் போகிறது. கொக்கி ஒரு மெஷினில் பின்னால், அடுத்ததில் முன்னால், அதற்கடுத்ததில் மறுபடி பின்னால். கொக்கி பின்னால் வந்தால் இழுக்கிற இழுப்பில் நிமிர்ந்துவிடும். முன்னால் வந்தால் மடங்கியது மடங்கியபடியே உள்ளே போய்விடும். எல்லாவற்றையும்விடப் பலமாக இழுப்பது கடைசியில் நூற்கும் மெஷின்தான். அங்கே கொக்கி பின்னால் இருந்தாக வேண்டும்.

விரல் விட்டு எண்ணினேன். கார்டிங்கில் பின்னால். முதல் டிராயிங்கில் முன்னால், இரண்டாவதில் பின்னால், சிம்ப்ளெக்ஸில் முன்னால், நூற்கும் மெஷினில் பின்னால். சரியாக இருக்கிறது. இரண்டாவது டிராயிங்குக்கான விரலை மடக்கிவிட்டு மறுபடி எண்ணினேன். நூற்கும் மெஷினில் முன்னால்.

என் அண்ணன் தறியில் பாவு அறுந்ததற்கு நான்தான் காரணம். நான் செய்ததற்கு அந்த ஆள் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், நான் அவரைப் பத்துப் பேர் முன்னால் திட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். கேட்டுக்கு எதிரே, டீக்கடைக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். மூன்று மணி விசாரணைக்குக் காலை ஆறு மணிக்கே வந்து நிற்கிறார், இஸ்திரி போட்ட சட்டையோடு. என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். நான் பார்க்காதது மாதிரி உள்ளே போய்விட்டேன்.

மாஸ்டரிடம் பிஸ்கட் டின்னையும் பட்டையையும் காட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு டின்னை மூடி மேஜைமேல் வைத்தார்.

"படிச்சிருக்கேன். எப்பவோ காலேஜ்ல. மறந்தே போச்சு" என்றார். பிறகு குரலை இறக்கினார். "இதோ பாரும்மா. நீயும் டெம்பரவரி. இத வெளிய சொன்னா மொதல்ல உன் கழுத்துலதான் கத்தி. அப்புறம் என் கழுத்துல. இன்னிக்கி நீ ஒண்ணும் பேசாத. ரெண்டு நாள் சஸ்பென்ஷனோட நான் அவனுக்கு முடிச்சுக் குடுத்துர்றேன். அடுத்த வாரம் ரெண்டாவது டிராயிங்க சத்தமில்லாம ஓட்டிக்கலாம்."

"ரெண்டு நாள்னாலும் ரெக்கார்ட்ல ஏறும் சார். லிஸ்ட்ல அவர் பேர் இருக்குமா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இருக்குமா சார்?"

"இருக்காது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை நிற்கும். அந்த நிமிஷம் ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. நன்றாகவே வந்தது. வெளியே நிற்கும் அந்த இஸ்திரிச் சட்டை ஞாபகத்துக்கு வந்து, எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொங்கியது. "ஒரே ஒரு கேன் குடுங்க சார். பேப்பர்ல சொன்னா நம்ப மாட்டாங்க, நூல்லயே காட்டறேன்" என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது எனக்குப் போதும்.

டிராயிங் மெஷினிலிருந்து வந்த ஒரே கேன், ஒரே திரி. பாதியை அப்படியே வைத்தேன். மீதியைக் கையாலேயே இன்னொரு கேனுக்கு மாற்றினேன், சுருள் சுருளாக, இழுபடாமல். வேறு எதுவும் செய்யவில்லை, திசையை மட்டும் திருப்பினேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. நடுவில் இரண்டு தடவை திரி பிரிந்து, அழுகை அழுகையாக வந்தது. இரண்டையும் சிம்ப்ளெக்ஸில் ஓட்டி, நூற்கும் மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டும்போது மணி ஒன்றரை. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நான் மெஷினைப் பார்க்கவில்லை, மேலே எரிகிற பல்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டே காலுக்குப் போய்விட்டது. மில் முழுக்க ஒரு மூச்சில் அடங்கிப்போனது. நூல் சுற்றும் இரண்டு பாபினையும் உருவிப் பார்த்தேன், கொஞ்சம்தான் நூல் ஏறியிருந்தது. லேபில் நூலின் பலத்தைச் சோதிக்கும் ஒரு பழைய மெஷின் இருந்தது, கையால் சுற்றுவது. அதில்தான் பார்த்தேன். அப்படியே விட்ட திரியின் நூல், திரும்பி வந்த மூட்டை நூல் அறுந்த அதே இடத்தில் அறுந்தது. திருப்பிவிட்ட திரியின் நூலுக்கு முள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் சுற்று, இன்னும் சுற்று என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விசாரணை அறைக்குள் நான் ஓடியபோது மூன்றே கால். மேஜைக்குப் பின்னால் லேபர் ஆபீசர், பக்கத்தில் மாஸ்டர். எதிரே அவர் நின்றுகொண்டிருந்தார். ஆபீசர் மன்னிப்புக் கடிதத்தை வாசித்து முடித்திருந்தார்.

"சார், இவர் கம்பி கட்டல. நூல் கெட்டதுக்கு இவர் காரணமில்ல. போர்டுல ஒட்டியிருக்கற கணக்கு தப்பு. அது என் கணக்கு" என்றேன். மூச்சு வாங்கியது. இரண்டு பாபினையும் மேஜைமேல் வைத்து, நூலை அறுத்துப் பார்க்கச் சொன்னேன். ஆபீசர் கையாலேயே இழுத்துப் பார்த்தார். ஒன்று பட்டென்று போனது. இன்னொன்று அவர் விரலை வெட்டியது.

"மாஸ்டர், இந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "நெசந்தான் சார். ஓட்டச் சொன்னது நானு" என்றார். அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆபீசர் அந்தப் பதிலியின் பக்கம் திரும்பினார். "ஏன்யா, செய்யாததச் செஞ்சேன்னு எதுக்கு எழுதிக் குடுத்த?" அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

குற்றச்சாட்டை வாபஸ் வாங்கினார்கள். மாதக் கடைசி லிஸ்டில் அவர் பெயர் வந்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது, என் தற்காலிக வேலை அடுத்த ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்படவில்லை. வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். "போய்ட்டுப் போவுது வுடு, பாவு அறுக்காம இருந்தா சரி" என்றான். போர்டில் இருந்த தாளை நானே போய்க் கிழித்தேன், பசையோடு பாதி அங்கேயே ஒட்டிக்கொண்டது.

கடைசி நாள் கணக்கு முடித்துக் கிளம்பும் முன் டிராயிங் பக்கம் போனேன். இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் நிரந்தர ஆளுக்கான காக்கியில் இருந்தார். அன்றைக்குத் திட்டியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். அத்தோடு வந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

"நீங்க கம்பி கட்டலன்னு உங்களுக்கே தெரியும். மேஸ்திரி மிரட்டினாரா? ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"மிரட்டல்லாம் இல்லம்மா" என்றார். ஒரு கேனை நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினார். "போர்டுல நீங்க எழுதி ஒட்டினீங்க இல்ல, ஒரு டிராயிங் ஓட்டினா ஒண்ணும் ஆவாதுன்னு. படிச்சவங்க கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்போ மெஷின்ல தப்பில்ல. பஞ்சும் அதே பஞ்சு. மிச்சம் நான் ஒருத்தன்தானே? கம்பி கட்டல, அது எனக்குத் தெரியும். ஆனா எனக்கே தெரியாம எங்கியோ வுட்டுட்டிருப்பேன்னு நெனச்சுக்கினேன்."

நான் கேன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெஷின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் கிட்டே வந்து அதையே இன்னொரு தடவை சொன்னார்.